வாய் திறக்கும் நாள்

புலிக்களவா முட்டையிடுவது
நிலா இல்லாத இரவுகளை ஒட்டி.
பாலித் தீவின் மௌன நாள், ஞெப்பி, வருவதும்
ஒன்பதாம் மாத அமாவாசைக்கு மறுநாள்.
மீனும் பூசாரியும் ஒரே பஞ்சாங்கம் பார்க்கிறார்கள்.
நடுவில் மாட்டிக்கொள்வது நான்.

சினைமீன் பண்ணையிலிருந்து செய்தி வந்தபோது
என் கணவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.
பொரித்த மூன்றாம் நாள் ஞெப்பியில் விழும் என்றார்.
தொட்டி காய்ந்து கிடந்து இரண்டு மாதம்.
ஒரு லட்சம் முட்டையை ஆக்சிஜன் ஊதிய பையில் கட்டி
மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அவற்றின் அப்பனை எனக்குத் தெரியும்.
நான்கு வருடம் முன்பு அதுவும் முட்டையிட்டதுதான்.
உடல் பெருத்தது, ஒரு பருவம் சும்மா கிடந்தது,
அடுத்த பருவம் ஆணாகிவிட்டது.
பண்ணைக்காரர் இன்னும் அதை
இபு, அம்மா, என்றுதான் கூப்பிடுகிறார்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் கடல்.
அங்கே களவா அரிது.
போத்தலில் சயனைடு கரைத்துப்
பவளப் பொந்துக்குள் பீய்ச்சியவர்களில்
என் கணவரும் ஒருவர்.
மயங்கிய மீன் உயிரோடு ஹாங்காங் போகும்.
பொந்து வெளுத்துப்போகும்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
தொட்டியை அவர் கழுவுகிற கழுவலில் தெரியும்.

பொரித்த குஞ்சுக்குப் பார்வை இல்லை, வாய் இல்லை.
வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கரு ஒன்றுதான் கட்டுச்சோறு.
மேலே மிதந்து வந்தால் நீரின் தோலில் ஒட்டிச் சாகும்;
அதற்குத்தான் சில துளி மீனெண்ணெய்.
அதட்டினால் சாகும். வெளிச்சம் மாறினால் சாகும்.
சில நாள் காரணம் சொல்லாமலும் சாகும்.

முந்தின மாலை தெருவில் காகிதப் பூதங்கள் வந்தன,
தகர டிரம், மூங்கில் வெடி.
தொட்டிச் சுவரெங்கும் பழைய மெத்தைகளைச் சாய்த்தோம்.
பூதங்களை எரித்தார்கள்.
விடிந்தபோது நாயின் நகம் தரையில் படுவது கேட்டது.

நெருப்பு கூடாது, வேலை கூடாது,
வாசல் தாண்டக் கூடாது, கேளிக்கை கூடாது.
விமானங்களும் இறங்காது.
நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
தீவு முழுக்க வாயை மூடிய அன்று
என் தொட்டியில் ஒரு லட்சம் வாய் திறந்தது.
லட்சம் என்பது வாய்ப்பேச்சு.
எழுபதாயிரம் இருக்கலாம்.

கருப் பை சுருங்கிவிட்டது.
இன்று ஒரு கவளம் இல்லையென்றால்
நாளை அத்தனையும் அடியில் வெள்ளைத் தூசி.
பச்சைத் தண்ணீரில் வளர்த்த ரோட்டிஃபரை
வாளியிலிருந்து குவளை குவளையாக
சத்தமில்லாமல் ஊற்றினேன்.
இது வேலையா?
சாமியிடம் கேட்டேன். சாமிக்கும் அன்று மௌனம்.

தின்றதா என்று தெரிய வேண்டுமே.
இருட்டிவிட்டது.
தார்ப்பாய்க்குள் நுழைந்து, கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் மொண்டு,
செல்போனை ஒளிரவிட்டேன்.
நான்கு மூச்சு, ஐந்து மூச்சு, அவ்வளவுதான்.
கொசு முள் நீளத்துக்கு ஒரு கண்ணாடி உடல்,
இரண்டு கரும்புள்ளிக் கண்,
அதன் குடலில்,
அங்கே,
ஒரு பொடி.

காலடிச் சத்தம்.
கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட துணியோடு
ஊர்க்காவல் விர்சனா சுவருக்கு வெளியே நின்றான்.
தார்ப்பாயின் தையல் வழியே நீலம் கசிந்திருக்கும்.
போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.
ப்ளோயர் உறுமிக்கொண்டே இருந்தது.
வெகுநேரம் கழித்து, காற்றைப் போல, கேட்டான்:
"வாய் திறந்ததா?"
"திறந்தது. தின்கிறது."
போய்விட்டான்.

காலையில் நோட்டில் அபராதம் இருந்தது:
ருமியாசி, வெளிச்சம், அரிசி பத்துக் கிலோ.
அவன் கையெழுத்துதான்.

அதற்கப்புறம் வழக்கம்போல.
பத்தாம் நாள் முதுகு முள் நீண்டு ஒன்றோடொன்று சிக்கின.
நாற்பதாம் நாள் பெரியது சின்னதை விழுங்கத் தொடங்கியது.
சல்லடை போட்டுப் பிரித்ததில் மிஞ்சியது மூவாயிரத்துச் சொச்சம்.
நல்ல விலை.

அரிசியை அதற்கு முன்பே கொடுத்திருந்தேன்,
ஞெப்பி முடிந்த நான்காம் நாள்.
மூட்டையை இறக்கும்போது கண் கொல்லைப்பக்கம் போனது.
அவன் தொட்டியில் ப்ளோயர் ஓடவில்லை.
சுவரெங்கும் மெத்தைகள் மட்டும்
இன்னும் சாய்ந்திருந்தன.